குபர்நெட்டிஸ் கிளஸ்டர் நிறுவும் முன் நெட்வொர்க் திட்டமிடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல கணினிகளில் கண்டெய்னர்களை (மென்பொருளும் அது ஓடத் தேவையானவையும் சேர்ந்த பொதிகளை) ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸை நிறுவுவது இப்போது சில கட்டளைகளில் முடிந்துவிடுகிறது. அந்தக் கணினிகள் சேர்ந்தது கிளஸ்டர், ஒவ்வொரு கணினியும் ஒரு நோடு. அந்தக் கட்டளைகளில் நாம் கொடுக்கும், அல்லது கொடுக்காமல் விட்டுவிடும், சில ஐபி வரம்புகள் மட்டும் கிளஸ்டர் உயிரோடு இருக்கும் வரை கூடவே வரும். மென்பொருள் பதிப்பை உயர்த்தலாம், நோடுகளைக் கூட்டலாம், சேமிப்பகத்தை மாற்றலாம். பாட்களுக்கு (ஒன்றாக ஓடும் கண்டெய்னர்களின் சிறு கூட்டங்களுக்கு) என்று ஒதுக்கிய வரம்பை மாற்றுவது அப்படிப்பட்ட வேலை அல்ல. ஆகவே, முதல் கட்டளையைத் தட்டும் முன் உட்கார்ந்து யோசிக்க வேண்டியவற்றை இங்கே கேள்வி பதிலாகத் தொகுத்திருக்கிறேன். சொந்தக் கணினிகளில் நிறுவுபவர்களை மனதில் வைத்து எழுதியது. கிளவுடில் நிறுவுபவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

இயல்பாக வரும் மதிப்புகளையே விட்டுவிட்டால் என்ன?

மடிக்கணினியில் கற்றுக்கொள்வதற்கு என்றால் தாராளமாக விடலாம். நிறுவனத்தின் மற்ற கணினிகளோடு பேசப்போகும் கிளஸ்டர் என்றால் கூடாது. அந்த மதிப்புகளை வைத்தவர்களுக்கு உங்கள் நெட்வொர்க் எப்படியிருக்கும் என்று தெரியாது.

கியூப்ஏடிஎம் என்ற நிறுவல் கருவி வழியாக நிறுவினால் சர்வீஸ்களுக்கு (பாட்களுக்கு முன்னால் நிற்கும் மாறாத முகவரிகளுக்கு) 10.96.0.0/12 போகும். சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண் சிறிதாகச் சிறிதாக வரம்பு பெரிதாகும். அதாவது 10.96.0.0 முதல் 10.111.255.255 வரை, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள். பாட்களுக்கிடையே நெட்வொர்க் அமைத்துத் தரும் சிஎன்ஐ மென்பொருள்களில் ஒன்றான ஃபிளானல் தன் மாதிரிக் கோப்பில் பாட்களுக்கு 10.244.0.0/16 என்று வைத்திருக்கிறது. இன்னொன்றான காலிகோ 192.168.0.0/16 என்கிறது. கே3எஸ் என்ற எளிய குபர்நெட்டிஸ் வடிவம் பாட்களுக்கு 10.42.0.0/16, சர்வீஸ்களுக்கு 10.43.0.0/16 எடுத்துக்கொள்கிறது. ரெட் ஹேட்டின் குபர்நெட்டிஸ் தொகுப்பான ஓபன்ஷிஃப்டில் பாட்களுக்கு 10.128.0.0/14, சர்வீஸ்களுக்கு 172.30.0.0/16. உங்கள் கிளை அலுவலகமோ, விபிஎன்னோ, பழைய தரவுத்தள சர்வரோ இவற்றில் ஏதாவது ஒன்றுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

மொத்தம் எத்தனை வரம்புகள் தேவை?

மூன்று. நோடுகள் இருக்கும் உண்மையான நெட்வொர்க் ஒன்று. பாட்களுக்கு ஒன்று. சர்வீஸ்களுக்கு ஒன்று. மூன்றும் ஒன்றோடொன்று மோதக்கூடாது. கிளஸ்டரிலிருந்து எட்ட வேண்டிய வேறெந்த நெட்வொர்க்கோடும் மோதக்கூடாது. இரண்டாவது நிபந்தனையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

கண்ணில் படாத நான்காவது வரம்பும் சில நேரம் உண்டு. ஓபன்ஷிஃப்டில் வரும் ஓவிஎன் என்ற சிஎன்ஐ தன் உள்வேலைக்கு 100.64.0.0/16, 100.88.0.0/16 ஆகியவற்றை எடுத்துக்கொள்ளும். அதே கணினியில் டாக்கரும் ஓடினால் 172.17.0.0/16 அதனுடையது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் சிஎன்ஐ உள்ளுக்குள் எதைப் பயன்படுத்துகிறது என்று அதன் ஆவணத்தில் பார்த்து, அதையும் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்களிடம் வரம்பு மோதுகிறது என்கிறார்கள். ஆனால் எல்லாம் ஒழுங்காகத்தானே ஓடுகிறது?

இன்றைக்கு ஓடும். இதை விரிவாகப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் இந்தப் பக்கத்திலேயே இதுதான் முக்கியம்.

பாட் வரம்பு 10.244.0.0/16 என்று வையுங்கள். ஒவ்வொரு நோடுக்கும் அதிலிருந்து ஒரு /24 துண்டு போகும். முதல் நோடுக்கு 10.244.0.0/24, இரண்டாவதற்கு 10.244.1.0/24 என்று வரிசையாக. உங்கள் நிறுவனத்தின் கண்டெய்னர் இமேஜ் ரெஜிஸ்ட்ரி (கண்டெய்னர்களை ஓட்டத் தேவையான இமேஜ் கோப்புகளின் கிடங்கு) 10.244.7.15 என்ற முகவரியில் இருக்கிறது என்று வையுங்கள். இமேஜை இழுப்பது பாட் அல்ல, நோடில் ஓடும் கண்டெய்னர் ரன்டைம். அது நோடின் சொந்த ஐபியிலிருந்து கிளம்புகிறது. நோடின் ரூட்டிங் அட்டவணையில் 10.244.7.0 பற்றி எதுவும் இல்லாததால் பாக்கெட் வழக்கமான கேட்வே வழியாகப் போகிறது. ரெஜிஸ்ட்ரி பதில் தருகிறது. ஏழு நோடுகள் வரை ஒரு குறையும் இல்லை.

எட்டாவது நோடு சேருகிறது. அதற்கு 10.244.7.0/24 கிடைக்கிறது. அடுத்த சில நொடிகளில் எல்லா நோடுகளின் அட்டவணையிலும் ஒரு புதிய வரி ஏறுகிறது: 10.244.7.0/24-க்குப் போக வேண்டுமானால் ஃபிளானல் சுரங்கம் (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் பொதிந்து நோடுகளுக்கிடையே அனுப்பும் பாதை) வழியாக எட்டாவது நோடுக்குப் போ. ரெஜிஸ்ட்ரிக்குக் கிளம்பிய பாக்கெட்டும் அங்கேதான் போகும். அந்த நோடில் 10.244.7.15 என்ற பாட் இருக்காது. இருந்தால் இன்னும் குழப்பம். அந்த நிமிடம் முதல் கிளஸ்டர் முழுவதும் புதிய இமேஜ் எதையும் இழுக்க முடியாது. ஏற்கெனவே ஓடும் பாட்கள் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், யாராவது அடுத்த வெளியீட்டைத் தள்ளும்போதுதான் விஷயமே வெளிவரும். நோடு சேர்த்ததையும் இமேஜ் வராததையும் யார் இணைத்துப் பார்ப்பார்கள்?

சர்வீஸ் வரம்பில் மோதல் இன்னும் ஒளிந்திருக்கும். சர்வீஸ் முகவரிக்கு வரும் இணைப்பைப் பாட்டுக்குத் திருப்பும் கியூப்-ப்ராக்ஸி, வழக்கமான ஐபிடேபிள்ஸ் முறையில், ஒதுக்கப்பட்ட சர்வீஸ் முகவரிகளுக்கு மட்டும்தான் விதி எழுதுகிறது. 10.100.4.20 என்ற முகவரியில் இருக்கும் தரவுத்தளம், அதே எண் ஒரு புதிய சர்வீஸுக்குத் தற்செயலாக ஒதுக்கப்படும் வரை நன்றாகவே வேலை செய்யும். போர்ட் எண்ணும் ஒன்றாகிவிட்டால், தரவுத்தளத்துக்குக் கிளம்பிய இணைப்பு வேறொரு பாட்டின் வாசலில் போய் நிற்கும்.

சரி, எந்த வரம்பை எடுப்பது?

1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய வழிகாட்டு ஆவணம் தனியார் பயன்பாட்டுக்கென மூன்று பகுதிகளை ஒதுக்கியது: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. பெரும்பாலும் இவற்றுக்குள்தான் தேட வேண்டும். நெட்வொர்க் பிரிவிடம் போய், "பாட்களுக்கு ஒரு /16, சர்வீஸ்களுக்கு ஒரு /20, வேறு யாருக்கும் தராத இடமாக ஒதுக்கித் தாருங்கள், உங்கள் பதிவேட்டிலும் எழுதிவையுங்கள்" என்று கேளுங்கள். பதிவேட்டில் ஏறுவது அவசியம். இந்த முகவரிகள் எந்த ரூட்டரிலும் தெரியாது என்பதால், அங்கே எழுதாவிட்டால் அடுத்த ஆண்டு புதிய கிளை அலுவலகத்துக்கு அதே எண்களைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

இடமே இல்லை என்றால் 100.64.0.0/10 பகுதியைப் பலர் நாடுகிறார்கள். இது 2012-இல் ஆர்எஃப்சி 6598 வழியாக இணையச் சேவை நிறுவனங்களின் உள்பயன்பாட்டுக்காக ஒதுக்கப்பட்டது. பாட்களுக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன்களும் மேலே சொன்ன ஓவிஎன்னும் இதே பகுதியில்தான் இருக்கின்றன, பார்த்து எடுங்கள். இன்னொருவருக்குச் சொந்தமான பொது ஐபி வரம்பை "நாம் அந்தப் பக்கம் போகவே மாட்டோம்" என்று சொல்லி எடுத்துக்கொள்வதை மட்டும் செய்யாதீர்கள். என்றைக்காவது போக வேண்டிவரும்.

பாட் வரம்பு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

இரண்டு எண்கள் தெரிந்தால் போதும்: அதிகபட்சம் எத்தனை நோடுகள், ஒரு நோடுக்கு எவ்வளவு பெரிய துண்டு.

ஒவ்வொரு நோடிலும் ஓடி பாட்களை நடத்தும் கியூப்லெட், இயல்பாக ஒரு நோடில் 110 பாட்கள் வரை அனுமதிக்கும். நோடுக்கு இயல்பாகக் கிடைக்கும் /24 துண்டில் 256 முகவரிகள். தேவையைப் போல இரு மடங்கு ஏன் என்றால், பாட்கள் சாவதும் பிறப்பதுமாக இருக்கும். இப்போதுதான் விடுபட்ட முகவரி உடனே வேறொரு பாட்டுக்குப் போனால் பழைய இணைப்புகள் தவறான இடத்தைத் தட்டும். கொஞ்சம் ஓய்வு கிடைக்க இடம் வேண்டும்.

/16 வரம்பை /24 துண்டுகளாக வெட்டினால் 256 நோடுகள். /20 என்றால் வெறும் 16. பதினேழாவது நோடைச் சேர்த்தால் பட்டியலில் அது தெரியும், ஆனால் அதற்குத் துண்டு கிடைக்காது. பாட்கள் உருவாகும் நிலையிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். ஓபன்ஷிஃப்ட் நோடுக்கு /23 தருகிறது, அதன் /14 வரம்பில் 512 நோடுகளுக்கு இடம்.

முகவரிப் பஞ்சம் என்றால் துண்டை /25 ஆகக் குறைக்கலாம். 110 பாட்களுக்கு அது மட்டுமட்டாகப் போதும். /26 என்றால் நோடுக்கான பாட் உச்சவரம்பையும் கூடவே குறைத்தாக வேண்டும். காலிகோ தன் சொந்த முகவரிப் பங்கீட்டைப் பயன்படுத்தும்போது /26 கட்டங்களாக, தேவைக்கேற்ப ஒரு நோடுக்கு ஒன்றுக்கு மேல் தரும் என்பதால் அங்கே இந்தக் கணக்கு கொஞ்சம் தளர்வு.

இன்றைய நோடு எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடாதீர்கள். பதிப்பு உயர்த்தும்போது பழைய நோடுகள் இருக்கையிலேயே புதியவை சேரும் வழக்கம் இருந்தால், அந்த நேரத்து எண்ணிக்கைதான் கணக்கு.

சர்வீஸ் வரம்பு?

/20 தாராளம், 4,096 சர்வீஸ்கள். /12 யாருக்கும் தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒன்று மட்டும் தெரிந்திருக்கட்டும்: வரம்பின் முதல் முகவரி, கிளஸ்டருக்கான கோரிக்கைகளை ஏற்கும் ஏபிஐ சர்வரின் உள்சர்வீஸுக்கும், பத்தாவது முகவரி வழக்கமாக டிஎன்எஸ்ஸுக்கும் போகும். 10.96.0.1, 10.96.0.10 என்று அடிக்கடி பார்ப்பது இதனால்தான்.

இரண்டு கிளஸ்டர்களுக்கு ஒரே பாட் வரம்பு வைக்கலாமா?

பாட் முகவரிகள் கிளஸ்டரை விட்டு வெளியே போகும்போது நோடின் ஐபியாக மாற்றப்படும் வரை வைக்கலாம், ஒன்றும் ஆகாது. பின்னால் இரண்டையும் இணைக்க ஆசைப்பட்டால் வழி அடைபடும். சிலியம் என்ற சிஎன்ஐயின் கிளஸ்டர் இணைப்பு வசதி பாட் வரம்புகள் மோதக்கூடாது என்று கறாராகக் கேட்கிறது. ரூட்டர்கள் வழித்தடங்களைப் பகிர்ந்துகொள்ளும் பிஜிபி நெறிமுறை வழியாகப் பாட் முகவரிகளை ரூட்டர்களுக்கு அறிவிக்கும் எண்ணமிருந்தாலும் அப்படியே. இடமிருந்தால் தனித்தனியாகவே எடுங்கள்.

கண்ட்ரோல் பிளேன் முகவரியில் என்ன யோசிக்க இருக்கிறது?

நிறைய. கண்ட்ரோல் பிளேன் என்பது கிளஸ்டரை நிர்வகிக்கும் பகுதி. இப்போது ஒரே ஒரு கண்ட்ரோல் பிளேன் நோடோடு தொடங்கினாலும், கிளஸ்டருக்கு ஒரு பொதுப் பெயரை டிஎன்எஸ்ஸில் உருவாக்கி, அந்தப் பெயரையே கண்ட்ரோல் பிளேன் முகவரியாக நிறுவலின்போது கொடுங்கள். இன்று அந்தப் பெயர் அந்த ஒற்றைக் கணினியைக் காட்டட்டும். நாளை மூன்றாக்கும்போது லோடு பேலன்சரைக் காட்டும்படி மாற்றினால் முடிந்தது. இதைக் கொடுக்காமல் நிறுவிய ஒற்றை நோடு கிளஸ்டரைப் பின்னால் பல நோடுகளாக்குவதைக் கியூப்ஏடிஎம் ஆதரிக்காது. சான்றிதழ்கள், ஒவ்வொரு நோடின் கியூப்லெட் அமைப்பு எல்லாவற்றிலும் பழைய ஐபி பதிந்துபோயிருக்கும்.

லோடு பேலன்சர் டிசிபி இணைப்பை அப்படியே கடத்த வேண்டும், நடுவில் டிஎல்எஸ்ஸை அவிழ்க்கக்கூடாது. நோடுகள் தங்கள் சான்றிதழைக் காட்டித்தான் உள்ளே வருகின்றன. கண்ட்ரோல் பிளேன் நோடு ஒன்று லோடு பேலன்சரிடம் போய், அது தன்னிடமே திருப்பி அனுப்பும் சூழலும் வரும். சில லோடு பேலன்சர்களில் இது தோற்றுப்போகும். வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கிளஸ்டரின் நிலையைச் சேமிக்கும் தரவுத்தளமான எட்சிடி பற்றி ஒரு வார்த்தை. அதன் இயல்பான இதயத்துடிப்பு இடைவெளி 100 மில்லிநொடி, தலைமைத் தேர்தலுக்கான காத்திருப்பு 1,000 மில்லிநொடி. கண்ட்ரோல் பிளேன் நோடுகளைத் தொலைவான இடங்களில் பரப்பும் எண்ணமிருந்தால், அவற்றுக்கிடையே பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தை முதலில் அளந்து பாருங்கள்.

நோடுகளுக்கு டிஎச்சிபி போதுமா? இரண்டு நெட்வொர்க் கார்டுகள் இருந்தால்?

தானாக ஐபி முகவரி தரும் டிஎச்சிபி இருக்கலாம், முகவரி மாறாதபடி முன்பதிவு செய்திருந்தால். கண்ட்ரோல் பிளேன் நோடுகளுக்கு நிலையான ஐபியே என் விருப்பம்.

இரண்டு கார்டுகள் என்றால் எதை நோடின் ஐபியாக எடுத்துக்கொள்வது என்று கியூப்லெட்டுக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இயல்பு வழித்தடம் எந்தக் கார்டில் இருக்கிறதோ அதையே எடுக்கும். ஃபிளானலும் அப்படியே, அதற்கும் தனியாகச் சொல்ல வேண்டும். மெய்நிகர் கணினிகளில் பயிற்சி செய்பவர்கள் எல்லா நோடுகளும் 10.0.2.15 என்று காட்டுவதைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான். முதல் கார்டு ஒவ்வொன்றிலும் அதே முகவரியோடு வருகிறது.

எம்டியு என்றால் என்ன, அதை ஏன் இப்போதே பார்க்க வேண்டும்?

ஒரு பாக்கெட் அதிகபட்சம் எத்தனை பைட் இருக்கலாம் என்ற அளவு. ஈதர்நெட்டில் வழக்கமாக 1,500. பாட் பாக்கெட்டுகள் சுரங்கம் வழியாகப் போகும்போது வெளியே இன்னொரு தலைப்பு ஒட்டப்படுகிறது. சுரங்கத்தின் வகை விஎக்ஸ்லேன் என்றால் 50 பைட், ஐபி-இன்-ஐபி என்றால் 20, வயர்கார்டு என்றால் 60. ஆகவே பாட்டுக்குள் எம்டியு முறையே 1,450, 1,480, 1,440 ஆக இருக்க வேண்டும். ஓவிஎன் 100 பைட் ஒதுக்கி 1,400 என்று வைக்கிறது.

இது தவறினால் வரும் அறிகுறி விசித்திரமானது. பிங் போகும். டிசிபி இணைப்பு திறக்கும். சிறிய கோரிக்கைக்குப் பதில் வரும். டிஎல்எஸ் தொடங்கும்போது சர்வர் தன் சான்றிதழ்ச் சங்கிலியை அனுப்பும். அது சில ஆயிரம் பைட் என்பதால் முழு அளவுப் பாக்கெட்டுகளாகக் கிளம்பும். அவை வழியில் காணாமல் போகும். இணைப்பு அப்படியே உறைந்து நிற்கும், பிழைச்செய்தி ஒன்றும் வராது. "பாக்கெட் பெரிது, சிறிதாக்கு" என்று ரூட்டர் அனுப்பும் ஐசிஎம்பி தகவலை ஏதோ ஒரு ஃபயர்வால் தடுத்திருந்தால்தான் இவ்வளவு மௌனம். அந்த ஐசிஎம்பி வகையைத் திறந்துவைக்கச் சொல்லி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவும் முன் சோதிப்பது எளிது. ஒரு நோடிலிருந்து மற்றொன்றுக்கு, துண்டாக்கக்கூடாது என்ற கொடியோடு 1,472 பைட் பிங் அனுப்புங்கள். தலைப்புகள் 28 பைட் சேர்ந்து சரியாக 1,500 ஆகும். போனால் அடிநிலை 1,500 தாங்குகிறது. போகாவிட்டால் குறைத்துக்கொண்டே வந்து உண்மையான அளவைக் கண்டுபிடித்து, அதிலிருந்து சுரங்கத் தலைப்பைக் கழியுங்கள். எல்லா ஜோடி நோடுகளுக்கும் செய்யுங்கள். ஒரே ஒரு ஸ்விட்ச் வேறுபட்டிருப்பது சகஜம். கூகுள் கிளவுடின் இயல்பு எம்டியு 1,460, அமேசானில் விபிசி என்ற தனி நெட்வொர்க்குக்குள் 9,001 வரை போகும். 1,500 என்று எங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்.

டிஎன்எஸ்ஸில் என்ன பார்க்க வேண்டும்?

கிளஸ்டருக்குள் ஓடும் டிஎன்எஸ் சர்வரான கோர்டிஎன்எஸ் தனக்குத் தெரியாத பெயர்களை நோடின் டிஎன்எஸ் அமைப்பைப் பார்த்து மேலே அனுப்பும். அந்த அமைப்பில் 127-இல் தொடங்கும் முகவரி இருந்தால், கோர்டிஎன்எஸ் தன்னிடமே கேட்டுச் சுற்றத் தொடங்கி, அதைக் கண்டுபிடித்து நின்றுவிடும். கியூப்லெட்டுக்கு உண்மையான டிஎன்எஸ் சர்வர்கள் இருக்கும் கோப்பைக் காட்ட வேண்டும்.

இன்னொன்று அதிகம் பேசப்படாதது. பாட்டுக்குள் ஐந்துக்கும் குறைவான புள்ளிகள் உள்ள பெயரைக் கேட்டால், முதலில் தேடல் பட்டியலில் உள்ள ஒவ்வொரு டொமைனையும் பின்னால் ஒட்டித்தான் தேடும். நோடின் தேடல் டொமைனும் அந்தப் பட்டியலில் சேரும். உங்கள் நிறுவன டொமைனில் "எந்தப் பெயருக்கும் இந்த ஐபி" என்ற நட்சத்திரப் பதிவு இருந்தால், பாட் எந்த வெளித்தளத்தைக் கேட்டாலும் உங்கள் நிறுவன சர்வரின் முகவரியே பதிலாக வரும். நோடுகளிலிருந்து தேடல் டொமைனை எடுத்துவிடுவதே நேரான வழி.

கிளஸ்டர் டொமைனை கிளஸ்டர்.லோக்கல் என்றே விட்டுவிடுங்கள். அதைக் கோப்புக்குள் கெட்டியாக எழுதிவைத்த நிறுவல் தொகுப்புகள் ஏராளம்.

ஃபயர்வாலில் எவற்றைத் திறக்க வேண்டும்?

ஏபிஐ சர்வருக்கு 6443. கண்ட்ரோல் பிளேன் நோடுகளுக்கிடையே எட்சிடிக்கு 2379, 2380. எல்லா நோடுகளிலும் கியூப்லெட்டுக்கு 10250. நோடு போர்ட் சர்வீஸ்களுக்கு (நோடின் போர்ட் வழியாக வெளியிலிருந்து எட்டக்கூடியவை) 30000 முதல் 32767 வரை. மறக்கப்படுவது சுரங்கத்தின் யுடிபி போர்ட்: ஃபிளானலின் விஎக்ஸ்லேனும் சிலியமும் 8472, காலிகோவின் விஎக்ஸ்லேன் 4789, ஓவிஎன் பயன்படுத்தும் ஜெனீவ் 6081. இது மூடியிருந்தால் எல்லா நோடுகளும் தயார் என்றே காட்டும். ஒரே நோடுக்குள் பாட்கள் பேசிக்கொள்ளும். நோடு தாண்டினால் மட்டும் பேச்சு இருக்காது.

ப்ராக்ஸி வழியாகத்தான் இணையம். வேறு ஏதாவது?

ப்ராக்ஸிக்குப் போகக்கூடாதவை என்ற பட்டியலில் நோடு, பாட், சர்வீஸ் வரம்புகள் மூன்றும், கிளஸ்டர் டொமைனும், கண்ட்ரோல் பிளேன் பெயரும் இருக்க வேண்டும். சில மென்பொருள்கள் இந்தப் பட்டியலில் வரம்பைப் புரிந்துகொள்ளாது, பெயர்களை மட்டுமே ஏற்கும். இரண்டு வகையிலும் எழுதிவையுங்கள்.

வெளியிலிருந்து வருபவர்களுக்கு முகவரி எங்கிருந்து?

கிளவுடில் அவர்களே தருவார்கள். சொந்தக் கணினிகளில், சர்வீஸ்களுக்கு வெளிமுகவரி தரும் மெட்டல்எல்பி போன்ற ஒன்று வேண்டும். அதன் எளிய ஏஆர்பி முறைக்கு, நோடுகள் இருக்கும் அதே சப்நெட்டில், டிஎச்சிபி கைவைக்காத ஒரு சிறு பகுதி தேவை. அந்த முறையில் ஒரு முகவரிக்கான போக்குவரத்து முழுவதும் ஒரே நோடு வழியாகவே நுழையும். போக்குவரத்து அதிகம் என்றால் பிஜிபி முறைக்கு உங்கள் ரூட்டர் தயாரா என்று இப்போதே விசாரியுங்கள்.

ஐபிவி6 இப்போதே வேண்டுமா?

ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் சேர்ந்த முறை குபர்நெட்டிஸின் 1.23 பதிப்பில் நிலைபெற்றுவிட்டது. இரண்டு மூன்று ஆண்டுகளில் தேவைப்படும் என்று தெரிந்தால் முதல் நாளே சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே சேர்ந்த நோடுகளின் பாட் துண்டுகளை மாற்ற முடியாது, அவற்றை எடுத்துவிட்டு மறுபடி சேர்க்க வேண்டிவரும். நோடுக்கு இயல்பாக /64 போகும், ஆகவே 256 நோடுகளுக்கு ஒரு /56 போதும். சர்வீஸ்களுக்கு /112 கொடுங்கள். /108-ஐ விடப் பெரிதாகக் கொடுத்தால் 1.33-க்கு முந்தைய பதிப்புகள் ஏற்காது.

ஏற்கெனவே நிறுவிவிட்டோம், வரம்பு மோதுகிறது. என்ன வழி?

சர்வீஸ் வரம்பு என்றால் 1.33 பதிப்பு முதல் இன்னொரு வரம்பைக் கூடுதலாகச் சேர்க்கும் வசதி நிலைபெற்றிருக்கிறது. புதியதைச் சேர்த்து, மோதும் சர்வீஸ்களை நீக்கி மீண்டும் உருவாக்கி, மெதுவாக நகரலாம். பாட் வரம்பு என்றால் காலிகோவில் புதிய முகவரித் தொகுப்பு சேர்த்துப் பாட்களைப் படிப்படியாக மறுதொடக்கம் செய்ய வழியுண்டு. மற்றவற்றில் புதிய வரம்போடு பக்கத்தில் இன்னொரு கிளஸ்டரை எழுப்பி, பணிகளை ஒவ்வொன்றாக நகர்த்துவதையே நான் பரிந்துரைப்பேன். ஓடும் கிளஸ்டரில் கைவைத்து மாற்றும் குறிப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன. பாதியில் நின்றால் திரும்பி வர வழியில்லாதவை அவை.

அது முடியும் வரை, மோதும் சர்வருக்கு வேறு சப்நெட்டில் இரண்டாவது முகவரி ஒன்று வாங்கிக் கொடுங்கள். டிஎன்எஸ் பெயரை அதற்கு மாற்றினால் கிளஸ்டருக்கும் அந்த சர்வருக்கும் அன்றைக்கே பேச்சு தொடங்கிவிடும்.